கமிட்மென்ட் ஜாஸ்தி

எங்கள் ஏரியூர் பக்கத்தில் கமிட்மென்ட் என்றால் கடன். மகளிர் குழுவில் தவணை கட்ட முடியாதவர்கள், "இந்த மாசம் கமிட்மென்ட் ஜாஸ்திங்கக்கா" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

நிலத்தில் போர்க்கிணறு வற்றியதும் அவர் மாடுகளை விற்றார். புது போர் போட அந்தப் பணம் போதவில்லை. டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, கடலில் எரிவாயு தேடும் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினார். வாயு கிடைத்து விலை ஏறினால் போர் போட்டுவிடலாம். இல்லையென்றால் ஓசூருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"அவனும் நம்மளாட்டம் குழிதான் தோண்டறான் புள்ள. நமக்குக் காத்து வந்தா நட்டம், அவனுக்குத் தண்ணி வந்தா நட்டம்" என்று சிரிப்பார்.

பிறகு அந்தக் கம்பெனி வேலையைப் பாதியில் விட்டுவிடும் என்று பேச்சு கிளம்பியது. விலை இறங்கிக்கொண்டே போனது. நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்ப்பார். ஒரு மதியம் அதில் செய்தி வாசித்த பெண், எரிவாயுத் திட்டத்தில் கம்பெனியின் கமிட்மென்ட் அதிகமாகியிருக்கிறது என்றாள்.

அவர் முகம் வாடிவிட்டது. "கேட்டியா? அவனுக்கும் கமிட்மென்ட் ஜாஸ்தி ஆயிடுச்சாம்."

"அவ்ளோ பெரிய கம்பெனிக்குங்களா?"

"பெரிய வூடுன்னா பெரிய கடன். என்னா பண்ணலாம், நீயே சொல்லு."

பண விஷயத்தில் அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "இருக்கறதையாவது எடுத்துக்கலாங்க" என்றேன். அன்றைக்கே நட்டத்துக்கு விற்றுவிட்டார்.

சில நாளில் விலை ஏறத் தொடங்கியது. ரவிக்கை வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சரிடம், கமிட்மென்ட் என்றால் கடன்தானே என்று மெதுவாகக் கேட்டேன்.

"கடன் மட்டும் இல்லீங்க. விடமாட்டேன்னு நிக்கறதும் கமிட்மென்ட்தான். அந்தக் கம்பெனி இன்னும் பணம் போட்டுத் தோண்டப் போவுதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றார்.

சாயந்திரம் கணவரிடம் சொன்னேன். "நாமளும் விடாம நின்னிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது அவர் ஓசூரில் வாட்ச்மேன். நிலம் சும்மா கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், ஊருக்கு வரமுடியாது என்றார். "ஏங்க?" என்றேன்.

"இந்த மாசம் கமிட்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "செலவு ஜாஸ்தி புள்ள" என்றார்.

நானும், "செரிங்க" என்றேன்.