தண்ணீர் வடிந்த மறுநாள்

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் பஸ்ஸில் வந்து, முடிச்சூர் தாண்டி ஆற்றுப் பாலத்தருகே இறங்குகிறேன். அடையாறு முழங்கால் அளவுதான் ஓடுகிறது. வெள்ளம் வந்தால் எந்தக் கரை அரிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரைபடம் தயாரிப்பது என் எம்.இ. புராஜெக்ட். வரைபடத்தில் இந்த வளைவு பச்சை, அதாவது பத்திரம்.

கரைமேல் வீட்டு வாசலில் தையல் மெஷின் மிதிக்கும் அக்கா, நான் டேப் பிடித்து அளப்பதைப் பார்த்து, என்ன வேலை என்று விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்.

"மழைன்னா பசங்கள இட்டுக்கினு ஸ்கூல்ல போய்ப் படுத்துக்குறோம் சார். தண்ணி வடிஞ்சதும் வூட்டுக்கு வந்துடலாம்ல?"

எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். 'சார்' என்றதும் குரல் தானாகக் கனத்துவிடுகிறது. "தாராளமா வரலாம்க்கா."

"அப்போ எங்க பாத்ரூமு இன்னாத்துக்கு வுழுந்துச்சு?" சிரித்தபடி, கரையோரம் பாதி அந்தரத்தில் தொங்கும் சிமெண்ட் தரையைக் காட்டுகிறார். "வெள்ளத்துல நின்னுச்சு சார். வடிஞ்ச மறுநாள் வெயில்ல வுழுந்துச்சு."

தண்ணீர் குடித்துக் கனத்த களிமண் கரை, முட்டுக்கொடுத்த வெள்ளம் இறங்கியதும் சரிந்திருக்கிறது. நானோ வெள்ளம் உச்சத்தைத் தொட்டதோடு கணக்கை நிறுத்தியவன். வடியும் நாட்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"நான் சொன்னது தப்புக்கா. வடிஞ்சாலும் உடனே வராதீங்க."

"எத்தினி நாளு?"

"தெரியல. கணக்குப் போட்டுட்டு வந்து சொல்றேன்."

"மழைக்கு முன்னாடி வா தம்பி," என்கிறார்.