பத்திரப்பெட்டியைப் படித்தவர்

வேங்கிக்கால் கருவூலத்தில், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போடவேண்டிய கையெழுத்து அது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சார், பெரிய மணியம் வீட்டு அம்மா தவறிட்டாங்களாம்" என்றார். என் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கிளார்க் வேறொரு தாள் கொடுத்தார்.

பெரிய மணியம் வீட்டுக் கனகவல்லி அண்ணியைத் தெரியாதவர்கள் திருவண்ணாமலையில் கம்மி. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் வீட்டில் காப்பி குடித்திருப்பீர்கள். அவருடைய கணவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் சரித்திரம். அந்த உறவில் எனக்கு அவர் அண்ணி. நண்பர் போனபின், திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த அடுத்த வருஷம், அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியார் சார், எங்க வீட்டு பத்திரப்பெட்டிய படிக்கணும். பழைய எழுத்து. கொஞ்சம் ஒத்தாசை பண்றீங்களா?"

அந்தப் பெட்டியை நானும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார்கள். "எங்க வம்சமே இதுக்குள்ள இருக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்கள். மறுநாள் அது பழையபடி அறைக்குள் போய்விடும். மூன்று தலைமுறையாக அதைக் கும்பிட்டார்களே தவிர, ஒருவரும் திறந்து படித்ததில்லை.

ஒருநாள் அதைத் திறந்தோம். ஐந்து தலைமுறை மனிதர்கள் அதற்குள் இருந்தார்கள். ஓலைச்சுவடிகள், நவாபு காலத்து முத்திரை போட்ட காகிதங்கள், கும்பினி அதிகாரிகளுக்கு எழுதிய மனுக்களின் நகல்கள், கல்யாண ஓலைகள், சண்டைக் கடிதங்கள், சமாதானக் கடிதங்கள். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவன் நான். அன்றைக்குத்தான் சரித்திரத்தைக் கையால் தொட்டேன்.

பழைய எழுத்தை அண்ணிக்குப் பழக்கிவிட எனக்குக் கொஞ்ச நாள்தான் பிடித்தது. பிறகு என்னைவிட வேகமாகப் படித்தார். அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. ஒரு கடிதத்தை எடுத்தால் முடிவுவரை படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒருநாள் நடுவில் நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். "பாதியில எழுந்திருக்காதீங்க சார். எழுதினவங்க பேசிட்டிருக்காங்க இல்ல?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு நாள், அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஏதோ ஒரு பெண், தனக்குக் காது வலிக்கிறது என்று தன் அப்பாவுக்கு எழுதி அனுப்பாமலே விட்ட துண்டுக் காகிதம் அகப்பட்டது. இது எதற்கு என்று ஒதுக்கினேன். அண்ணி அதை எடுத்துச் சுருக்கம் நீக்கி, நவாபு முத்திரைக் காகிதம் இருந்த அதே கட்டுக்குள் வைத்தார். "காது வலி ஒண்ணும் கம்மி இல்லீங்க" என்றார்.

இப்படியே போயிருந்தால் நல்ல பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்திருப்பேன். அந்த வீட்டின் பெருமையெல்லாம் பொங்கலை ஒட்டி வரும் திருவிழாவில் அவர்கள் நடத்தும் மண்டகப்படிதான். வீதி உலா வரும் சாமி அவர்கள் மண்டபத்தில் நின்று ஆரத்தி வாங்கிக்கொண்டு போகும். வீட்டின் மூத்த ஆண்பிள்ளைக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். ராஜா காலத்தில் கிடைத்த உரிமை என்று ஊரே நம்பியது. பெட்டியின் அடியில் இருந்த முதல் தலைமுறை ஓலை வேறு சொன்னது. "இது சடையன் குடும்பத்தார் மண்டகப்படி. அவர்கள் பஞ்சத்தால் கப்பலேறிப் போகிறபடியால், திரும்பி வருமளவும் அவர்கள் பேராலே நாம் நடத்தி வரக் கடவோம்."

மகன் காலத்துக் காகிதத்தில் அது "நம் வசமுள்ள மண்டகப்படி" ஆயிற்று. பேரன் காலத்தில் "நம் மண்டகப்படி". அதே பேரனுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. சடையன் குடும்பத்தார் திரும்பி வந்துவிட்டோம், செங்கம் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறோம், ஒரு வருஷமாவது நாங்கள் விளக்கேற்ற உத்தரவு கொடுக்க வேண்டும் என்று. அதன் பின்பக்கம் பேரன் கையால் இரண்டே வார்த்தை. "பதில் வேண்டாம்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. "அண்ணி, இதை அடியிலயே வச்சுடுங்க. உங்க வீட்டு மானம் போயிடும்" என்றேன். மறுநாள் போனபோதுதான் பதில் சொன்னார். "குங்குமம் வச்சு மூடினப்ப ஒண்ணும் தெரியாது சார். படிச்சுட்டு எப்படி மூடறது?"

சடையன் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்று கடிதத்திலேயே இருந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடும் சடையன் ஒருவர் இருந்தார். ஆட்டோ பிடித்துப் போனோம். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் அண்ணி கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினார். சடையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எங்க தாத்தா சொல்லிக்கினே இருப்பாரும்மா, அந்த மண்டபம் நம்மளுதுனு. வயசாயி உளர்றாருனு விட்டுட்டோம்."

வீட்டில் இனி சொல்லியாக வேண்டியது பெரியவரிடம். அண்ணியின் கணவருக்கு அண்ணன். பரிவட்டம் கட்டிக்கொள்ளும் தலை அவருடையது. அண்ணி விஜயதசமிவரை காத்திருந்தார். அன்று காலை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "பூஜைல வச்சத இன்னிக்கு எடுத்துப் படிக்கணும் இல்லீங்களா மாமா? நம்ம வீட்ல ஒரு தடவையாவது படிச்சிருக்கமா?" என்று கேட்டார். பெரியவர் படிக்கச் சொன்னார். அண்ணி ஓலையிலிருந்து கடிதம்வரை வரிசையாகப் படித்தார். தன் பேச்சு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பெரியவர் கத்தினார்.

"இத குடுத்துட்டு நாளைக்கு நான் மாட வீதில எப்படி நடக்கிறது?"

"நடக்கலாம் மாமா. நானும் கூட வரேன்" என்றார் அண்ணி.

இரண்டு மாதம் பெரியவர் அண்ணியோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் திருவிழா நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தபோது தன் கையாலேயே திருத்தி எழுதினார், சடையன் குடும்பத்தார் மண்டகப்படி என்று. அந்த வருஷம் சடையன் தலையில் பரிவட்டம் ஏறியதை நானே பார்த்தேன். பெரியவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பக்கத்தில் அண்ணி நின்றார். எத்தனையோ பேர் வாழ்க்கையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய மனுஷியை நான் பார்த்ததில்லை.

இப்போது, அண்ணியின் காரியம் முடிந்த பிறகு பெரியவர் என்னை வரச்சொன்னார். அவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. சடையன் கடிதம் இருந்த கட்டை அவிழ்த்து ஒரு தாளைக் கொடுத்தார். அண்ணியின் கையெழுத்து, கீழே அந்த வருஷத்துத் தேதி.

"இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வாத்தியார் சார் சொன்னார். எங்கள்மேல் உள்ள பிரியத்தால் சொன்னார். அன்று முழுக்க எனக்கும் அப்படியே தோன்றியது."

நான் நிமிரவில்லை. பெரியவர் மெதுவாக, "வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க சார். வேற யாரும் பாக்கல" என்றார்.

மடித்துச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனேன். உண்மையாகவே கொண்டுபோனேன். பிறகு அதைக் கடிதத்துக்கு மேலேயே வைத்து, கட்டை நானே கட்டினேன். அண்ணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நான் போட்ட அந்த முடிச்சு ஒன்றுதான்.