வெந்நீர் ஊற்றுக்குப் போன செயற்குழு

சங்க வேலைக்கு ஓய்வு வயது உண்டு. அந்த வேலை பழக்கிவிட்ட சந்தேகத்துக்குக் கிடையாது. பாடியில் இயந்திர உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி, மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரத்தில்தான். கேட்டில் நின்று பேசியே இரண்டு முழங்காலும் போய்விட்டன. அப்படி முழங்காலைத் தொலைத்த தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சுற்றுலாக் கதை என்று நினைத்துப் புரட்டிவிடலாம்.

எங்கள் காலத்தில் மூன்று மின்னல் வேலைநிறுத்தம் செய்தோம். நாள் குறித்தது செயற்குழுவின் ஐந்து பேருக்கு மட்டும் தெரியும். மூன்று முறையும் முந்தின மாலையே சரக்கு லாரிகள் கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டன. விடிந்தால் எங்களுக்கு முன்னால் போலீஸ் வேன் வந்து நின்றது. ஐவரில் ஒருவன் சொல்லியிருக்கிறான், அது மாணிக்கம்தான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் மைத்துனன் ஆபீசில் கிளார்க். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்றாவது வேலைநிறுத்தம் தோற்றதும் ‘கருங்காலி யார்?’ என்று நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். பெயர் போடவில்லை. ‘ஆவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்’ என்று மட்டும் போட்டேன். குழுவில் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை கேன்டீனில் அவன் மேசையில் யாரும் உட்காரவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கும் எங்களில் ஒருவரும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒட்டிய நோட்டீஸ் மழைக்கும் உரியாது. மைதாவில் மயில்துத்தம் போட்டு நானே பசை காய்ச்சுவேன். பூச்சி அரிக்காது, மாடு தின்னாது. எதிர்ச் சங்கத்துக்காரர்களே வந்து பக்குவம் கேட்டுப் போவார்கள்.

வட்டக் கையெழுத்து

பழைய செயற்குழுவில் இன்று உயிரோடு இருப்பது மூன்று பேர். நான், மாணிக்கம், கிரேன் ஓட்டிய கஜபதி. கஜபதி கொரட்டூர் ஏரிக்கரையில் காலை நடை போகிறவன். போன தை மாதம் என் வீட்டுக்கு வந்து, “ஒரிசாவுல சுடுதண்ணி தானா பூமிலேர்ந்து வருதாம், செயலாளரே. கால நனைச்சா முட்டி வலி ஓடிப்பூடும். அப்டியே பூரி பீச்சு, கோனார்க் இடிஞ்ச கோயிலு, எல்லாம் பார்த்துகினு வரலாம்” என்றான். யார் யார் என்று கேட்டேன். “நீ, நானு, மாணிக்கம். அப்பால நம்ம வரதராஜன் சாரு.”

வரதராஜன் எங்கள் கம்பெனியின் பர்சனல் ஆபீசர். எங்களைச் சஸ்பெண்டு செய்த உத்தரவுகளில் எல்லாம் அவர் கையெழுத்துத்தான். இப்போது கொரட்டூரில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறாராம், கஜபதியோடு நடக்கிறாராம். நிர்வாகத்தின் ஆள் நம்மோடு கடலில் குளிக்க ஏன் வருகிறான்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். எங்களைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்பது உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத் தெரியும். அவர் மூன்று நாள் என் பக்கத்தில் உட்காரப்போகிறார். மாணிக்கத்தையும் எதிரே உட்காரவைத்து அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லவைக்க வேண்டும். அதற்காகவே சம்மதித்தேன்.

பயணத்துக்கு ஒப்புதல் என்று ஏரிக்கரை பெஞ்சில் கஜபதி ஒரு தாளை நீட்டினான். எங்கள் சங்கத்தில் எந்த மனுவிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட மாட்டோம், வட்டமாகப் போடுவோம். முதலில் போட்டவன் யார், தலைவன் யார் என்று நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாது. பழக்கதோஷத்தில் மூவரும் வட்டமாகப் போட்டோம். வரதராஜன் பேனாவை வாங்கித் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சர்வீஸ் பூரா இந்த வட்டத்தை வெளியிலிருந்து பார்த்துட்டேன், இப்பதான் உள்ளே ஒரு இடம் தர்றீங்க.”

ஜன்னலோர ரகசியம்

சென்ட்ரலில் ரயில் ஏறியதிலிருந்து கண்காணிப்பை ஆரம்பித்தேன். மாணிக்கம் எனக்கு எதிர் சீட். எங்களுக்குள் பேச்சு நின்று இருபத்திரண்டு வருடம். முன்பெல்லாம் என்னைத் ‘தோழர்’ என்பான். நோட்டீசுக்குப் பிறகு, பேசவேண்டி வந்தால், ‘செயலாளரே’ என்று மட்டும் சொல்வான். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு உப்பு வைக்க முடியும் என்பது வாங்கிய எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் மாணிக்கத்தைக் காணோம். எட்டிப் பார்த்தேன். பக்கவாட்டு சீட்டில் அவனும் வரதராஜனும் தலையோடு தலை ஒட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வரதராஜன் விரலால் தொடையில் ஏதோ எழுதிக் காட்டுகிறார். மாணிக்கம் சிரிக்கிறான். அவன் சிரித்து நான் பார்த்தே பல வருடம். கழிவறைக்குப் போவதுபோல் எழுந்து, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இதை ஒட்டுக்கேட்டல் என்று யாரும் சொல்லவேண்டாம், சங்கப் பாஷையில் இதற்குத் தகவல் சேகரிப்பு என்று பெயர். மாணிக்கத்தின் குரல் தெளிவாகக் கேட்டது: “ஊர் திரும்புற வரைக்கும் செயலாளருக்கு இது தெரியவே வேண்டாம், சார்.”

வேன் டிரைவர்

புவனேஸ்வரில் இறங்கி வேன் பிடித்தோம். டிரைவர் பெயர் பிரமோத், முப்பது வயதுக்காரர். ஊரைவிட்டு வெளியே வந்ததும் ஒரே மாதிரி இரண்டு பாலம் வந்தது. எனக்குச் சந்தேகம். “கஜபதி, இவன் நம்மைச் சுற்றவிடுகிறான். மூஞ்சியைப் பார், கான்ட்ராக்டுக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி மூஞ்சி” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டில் பர்மனென்ட் வேலையையெல்லாம் தின்றது இங்கேயிருந்து வந்த இவனுங்கதானே” என்றும் சொல்லிவைத்தேன். நம்ம பாஷை எவனுக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

பிரமோத் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அம்பத்தூரில் மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முதலில் சுத்தச் சென்னைத் தமிழில் சொன்னார். அப்புறம் சொன்னார்: “நாலு வருசம் எஸ்டேட்ல கான்ட்ராக்டுல இருந்தேன், அண்ணாத்தே. கேட்டாண்ட உங்கள மாதிரி ஒருத்தர் மைக்க புட்சிகினு எங்கள வெளிய போ வெளிய போன்னு கத்துவாரு, அவருக்கு டீ வாங்கியாந்து குடுத்ததே நான்தான்.”

அந்த ஒருத்தர் நானில்லை. ஆனால் அப்படியொரு வரியை நானும் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்பதை வேனில் யாரிடமும் சொல்லவில்லை.

பூரிக் கடலில் ஷிப்டு

பூரியில் கடல் பெரியது, அலை முரடு. கூம்புத் தொப்பி போட்ட ஆட்கள் வயசாளிகளின் கையைப் பிடித்து அலைக்குள் கூட்டிப்போகிறார்கள். பைகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான் உடனே ஏற்பாடு சொன்னேன்: முதலில் நானும் மாணிக்கமும் கரையில், கஜபதியும் வரதராஜனும் கடலில். அடுத்து கஜபதியும் மாணிக்கமும் கடலில், நானும் வரதராஜனும் கரையில். எந்த நேரத்திலும் மாணிக்கமும் வரதராஜனும் தனியாகச் சேர்ந்துவிடக்கூடாது என்பது கணக்கு. கச்சிதமான கணக்குத்தான். ஒரே குறை, அதில் நான் கடலில் இறங்கவே இடமில்லை.

கஜபதி ஈர டவுசரோடு வந்து என் முன்னால் நின்றான். “இன்னா நைனா, ரிடயர்டு ஆகி கடலாண்ட வந்தும் ஷிப்டு போட்டுகினு கீற? ஓவர்டைமாவது குடுப்பியா?”

மண் நிரப்பிய கூடம்

கோனார்க்கில் கைடு ஒருவர் மன்னர் பெயரை மூச்சுக்கு மூச்சு சொன்னார். கல் செதுக்கியவர்களில் பத்துப் பேர் பெயர் சொல்லுங்கள் என்றேன். எத்தனை நேரம் வேலை, நிழலுக்குக் கொட்டகை உண்டா, விழுந்து செத்தவன் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் இங்கிலீஷில் என்னமோ சொல்லிவிட்டு அடுத்த கும்பலிடம் போய்விட்டார். அதுதான் சமயம் என்று, “சார், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்” என்று வரதராஜனை மடக்கினேன். அவர் மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினான். “கோயிலைப் பார்ப்போமே” என்று வரதராஜன் நழுவினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்துவிட்டேன். சந்தேகத்துக்கு இனி என்ன பாக்கி?

கோயிலின் பெரிய கூடத்துக்குள் யாரும் போக முடியாது. கட்டடம் இடிந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் உள்ளே முழுக்க மண்ணை நிரப்பி வாசலை அடைத்துவிட்டார்களாம். மாணிக்கம் ஃபிட்டராக இருந்தவன். ரதச் சக்கரத்தின் அச்சைத் தடவிப் பார்த்தான். அடைத்த வாசலை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தானாக என்னிடம் பேசினான்: “உள்ளே மண்ணைப் போட்டு மூடிட்டா இடியாம நிக்கும் செயலாளரே. நான் நிக்கல?”

வெந்நீர் ஊற்று

அத்ரி என்கிற ஊரில்தான் ஊற்று. வயல்களுக்கு நடுவே கோயில், பக்கத்தில் கந்தகம் நாறும் சுடுநீர். பூமிக்குள் யாரோ உலை வைத்ததுபோல் ஆவி வந்துகொண்டிருந்தது. குளிக்கத் தனியாக இடம் கட்டியிருக்கிறார்கள். நால்வரும் வேட்டியை மடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து முழங்காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம். சூடு முதலில் உறைத்தது. பிறகு எலும்புவரை இறங்கியது. எதிரி இளகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நேரே கேட்டேன். “சார், மூன்று ஸ்டிரைக். மூன்று தடவையும் உங்களுக்கு நாளைச் சொன்னது யார்? இதோ மாணிக்கம் இருக்கிறான். இவன் முன்னால் சொல்லுங்கள்.”

வரதராஜன் மறுபடியும் மாணிக்கத்தைப் பார்த்தார். மாணிக்கம் இந்த முறை தலையாட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்கதான்” என்றார் வரதராஜன் என்னைப் பார்த்து. நான் சிரித்தேன். நிர்வாகத்தின் பழைய தந்திரம், கேட்டவன் மேலேயே பழி. “நம்ம கேன்டீன்ல பரோட்டா என்னிக்கு?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். “மத்த நாள்ல மைதாவுக்கு வேலையே இல்லை. ஆனா மூணு தடவை செவ்வாய்க்கிழமை ரெண்டு கிலோ மைதா வெளியே போச்சு. மூணு தடவையும் வியாழக்கிழமை ஸ்டிரைக்.”

ஸ்டிரைக் அன்று விடியுமுன் ஒட்டும் நோட்டீசுக்கு நான் பசை காய்ச்ச வாங்கிய மைதா அது. கேன்டீன் மாஸ்டர் எங்கள் ஆள். கேட்டால் சும்மாவே கொடுத்திருப்பார். திருட்டு மைதாவில் தொழிலாளியின் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று வீம்பு பிடித்தவன் நான். ‘சங்க உபயோகத்துக்கு, மைதா இரண்டு கிலோ’ என்று ஒவ்வொரு முறையும் சீட்டு எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கேன்டீன் சீட்டெல்லாம் மாலையில் பர்சனல் ஆபீசர் மேசைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. “முதல் தடவை சந்தேகப்பட்டேன், அடுத்த தடவை லாரியை வரச்சொன்னேன்” என்று சொல்லப்போனவர், “இல்லை, முதல் தடவையே வரச்சொல்லிட்டேன். பசை காய்ச்சுறதுல நீங்க பெரிய ஆளுன்னு ஊருக்கே தெரியுமே” என்று திருத்திக்கொண்டார்.

“இருபத்திரண்டு வருடம் ஏன் சொல்லவில்லை?” என்று கத்தினேன். பக்கத்தில் குளித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்க கேட்கலையே, நோட்டீஸ்தானே ஒட்டினீங்க. நீங்க அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டது அன்னிக்கு எங்களுக்கு வசதி. மாணிக்கம் ரயில்ல கேட்டார், சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவர்தான் சொன்னார்.”

நான் மாணிக்கத்தின் பக்கம் திரும்பினேன். ஏன் சொல்ல வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். “உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. தெரிஞ்சா வேன்லயே விசாரணைக் கூட்டம் போடுவீங்க. நான் கடல் பார்க்க வந்தேன்” என்றான். கேட்டில் ஆயிரம் பேருக்கு முன்னால் திக்காத நாக்கு, ஒரு மனிதன் முன்னால் திக்கியது. எப்படியோ சொன்னேன்: அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன், தோழர். அவன் தன் முழங்காலில் இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டு சொன்னான்: “நீங்க காய்ச்சின பசை நல்ல பசை, செயலாளரே. அன்னையிலேர்ந்து உரிச்சுப் பார்க்கிறேன், உரிய மாட்டேங்குது.”

முத்தாபுதுப்பேட்டை முதல் பாடி மேம்பாலம் வரை ஒட்டுவதற்கான மறுப்பு நோட்டீஸை இந்தத் தடவை மாணிக்கம் பெயரையும் என் பெயரையும் போட்டே எழுதிவிட்டேன், பசையும் காய்ச்சியாயிற்று, மைதாவை மட்டும் சீட்டு எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்கினேன்.