கோவா வழியா காசிக்குப் போன கேரவன்

கேரவன் ஓட்டறதுன்னா வண்டி ஓட்டறது மட்டுமில்லைங்க; அடுப்பு, கட்டில், கக்கூஸ், அதுக்குள்ள நடக்கற சண்டை எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஊட்டையே ஓட்டறது.

முன்னெல்லாம் சினிமாக்காரங்களுக்கு ஓட்டினேன். அவங்க ஏறினதும் தூங்கிருவாங்க. இப்பக் குடும்பங்களுக்கு ஓட்டறேன். குடும்பம் தூங்காதுங்க. குழந்தைகளை வெச்சுட்டு நெடுந்தூரம் போய் நொந்து வந்தவங்க நீங்கன்னா, எனக்காக ஒரு பெருமூச்சு உடுவீங்க. கருமத்தம்பட்டியில தறி போட்டிருக்கற செந்திலு, அவரு சம்சாரம் சுகந்தி, எட்டு வயசு யாழினி, நாலு வயசு கவின். இந்த நாலு பேரைக் கோவாவுக்குக் கூட்டிட்டுப் போன கதைதான் இது.

எங்க போகுது?

அவிநாசி தாண்டறதுக்குள்ள கவின் வண்டியோட கக்கூஸைக் கண்டுபுடிச்சுட்டான். ஒருக்கா அமுக்கிப் பார்த்துட்டு முன்னால ஓடி வந்தான். இது எங்க போகுதுன்னு கேட்டான். அடியில ஒரு டேங்க் இருக்குது, அங்க போகுது, அப்பறம் அதுக்குன்னு ஒரு எடத்துல நிறுத்தி மாமா கொட்டிருவேன்னு நானும் பொறுமையாச் சொன்னேன். அதுதான் நான் பண்ணின தப்பு. முட்டாய்க் காகிதம், பிஸ்கட், அவங்கப்பனோட சீப்பு, ஒவ்வொன்னா உள்ள அனுப்பிச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

சேலம் வர்றப்பத் தண்ணி டேங்க் பாதியாகிப்போச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. “இன்னொருக்கா அமுக்கினீன்னா உன்னையும் சேர்த்து உள்ள போட்டுக் கொட்டிப்போடுவேன்”னு ஒரு சத்தம் போட்டேன். பையன் பயப்படவே இல்லை. கண்ணை அகலமாத் தொறந்துட்டுக் கேட்டான்: “அப்ப எங்க போகுதுன்னு நானே பார்க்கலாமா மாமா?”

காசி வந்தா சொல்லுங்க

கிருஷ்ணகிரி தாண்டினதும் யாழினி என் சீட்டுக்குப் பின்னால வந்து நின்னா. கையில ஒரு காலி பாட்டில். அதுமேல காகிதம் ஒட்டி ‘ராஜி அத்தை’ன்னு எழுதியிருக்குது. “டிரைவர் மாமா, காசி வந்தா சொல்லுங்க”ங்கறா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. காசி எங்க இருக்குது, நாம போற கோவா எங்க இருக்குது! “அம்மணி, நாம கோவாவுக்கல்ல போறோம்”னேன். “கோவாவுக்கு அப்பறம் காசி. பக்கத்து ஊட்டு ராஜி அத்தை கங்கைத் தண்ணிக்குப் பாட்டிலே குடுத்து உட்டிருக்காங்க”ன்னா.

உனக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். பின்னால திரும்பிப் பார்த்துட்டு, ரகசியமாட்ட சொன்னா: “அப்பா ஃபோன்ல அவங்க ஃப்ரெண்டுகிட்டச் சொன்னாங்க மாமா, ‘ரெண்டாவது நாள் சாயங்காலம் காசி, நோ’ன்னு. அம்மாதான் நோ சொல்லியிருப்பாங்க. பாவம் அப்பா.”

சக்கரம் வேற, சீட்டு வேற

உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். பஞ்சிம் ஊர்ல ஆத்துக்குள்ள கப்பலை நிறுத்தி உள்ளாற சூதாட்டம் நடத்தறாங்க. அந்தக் காசினோதான் புள்ளை காதுல காசியா உழுந்திருக்குது. தும்கூர்ல டீ குடிக்க நிறுத்தினப்ப செந்திலு என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. கப்பலுக்கு டிக்கெட் குடுக்கற எடத்துக்குப் பக்கத்துல வண்டி நிறுத்தலாமான்னு கேட்டாரு. “ஊட்ல சொல்லிப்போடாதீங்கண்ணா”ன்னாரு. வண்டிக்குள்ள கேட்டதை வண்டியிலயே உட்டுட்டு எறங்கறது எங்க தொழில் வழக்கம். இருந்தாலும் ஏனுங்க இந்த ரகசியம்னு கேட்டேன். கேக்காம இருக்க முடியலைங்க.

கொஞ்ச நாள் முன்னால மனுசன் சீட்டாட்டமே கதின்னு கெடந்திருக்காரு. தறியை எட்டிப் பார்க்கறதில்லை, குழந்தைக கூடப் பேசறதில்லை. கடைசியில சுகந்தி, கவின் தலைமேல இவர் கையை வெச்சு சத்தியம் வாங்கியிருக்குது. இனி ஒருக்கா இது நடந்தாக் குழந்தைகளைக் கூட்டிட்டு ஈரோட்டுப் பக்கம் கோபிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிருவேன், திரும்பி வரமாட்டேன்னு சொல்லிருச்சாம். “அப்பறம் எப்படிங்க இது?”ன்னேன். டீ கிளாஸைச் சுத்திட்டே மெதுவாச் சொன்னாரு: “சத்தியம் சீட்டுக்குத்தானுங்கண்ணா. அங்க பணத்தைக் கட்டிச் சக்கரமல்ல சுத்தறாங்க? சக்கரத்தைப் பத்தி நான் வாயே தொறக்கலைங்க.”

பாவக்காய் செல்லாது

அடுத்த நாள் ஹூப்ளி தாண்டி ஒரு மரத்தடியில நிறுத்தினோம். சுகந்தி வண்டிக்குள்ள தோசை சுட்டுட்டிருந்துச்சு. நான் படியில உக்காந்து தட்டை வாங்கிட்டேன். யாழினி எழுந்திரிச்சு நின்னு, “எல்லாரும் கேளுங்க. காசிக்குப் போனா நமக்குப் புடிச்சதுல ஒன்னை அங்கயே உட்டுட்டு வரோணுமாம். ராஜி அத்தை சொன்னாங்க. நான் குச்சி ஐஸை உட்டுர்றேன்”னா. கவின் உடனே, “நான் பாவக்காய்!”ன்னான். “செல்லாது. புடிச்சதைத்தான் உடோணும்”னா. நான் கூடச் சிரிச்சுட்டேன்.

சுகந்தியும் சிரிச்சுட்டே, “காசிக்கு யாரு கண்ணு போறா?”ன்னு கேட்டுச்சு. நான் தட்டைக் கீழ வெச்சுட்டேன். புள்ளை முழுசாச் சொல்லிட்டா, ஃபோன்ல பேசினது, ரெண்டாவது நாள் சாயங்காலம், காசி, நோ, எல்லாம். செந்திலு தலை குனிஞ்சுட்டு இல்லாத சட்னியைத் தொட்டுட்டிருந்தாரு. கல்லுல தோசை கருகற வாசம் வந்துச்சு. சுகந்தி அடுப்பை அணைச்சுப்போட்டு, புருசனைப் பார்க்காமப் புள்ளைகிட்டச் சொல்லுச்சு: “போலாம் கண்ணு. உங்கப்பா எதை உடறாருன்னு நாம எல்லாருமே போய்ப் பார்க்கலாம்.”

இருபத்தொரு வயசு

பஞ்சிம்ல ஆத்தங்கரைக்குப் போய்ச் சேர்ந்தப்ப வெய்யில் முழுசா எறங்கலை. அதுக்குள்ள கப்பல்ல லைட்டெல்லாம் எரியுது. இத்தனை வருசத்துல நானே அதைக் கிட்டக்கப் பார்த்ததில்லைங்க, வாயைப் பொளந்துட்டு நின்னேன். டிக்கெட் குடுக்கற வாசல்ல இருந்த காவல்காரரு குழந்தைகளைப் பார்த்துட்டுக் கையை ஆட்டினாரு. இருபத்தொரு வயசுக்குக் கீழ உள்ள உடமாட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில கேட்டு நான்தான் சொன்னேன். சுகந்தி சத்தம் போடலை. “நீங்க போங்க. நாங்க வண்டியில இருக்கறோம்”னு மட்டும் சொல்லுச்சு. யாழினி அந்தப் பாட்டிலை அப்பன் கையில திணிச்சுட்டு, “தண்ணி புடிச்சுட்டு, புடிச்சதை உட்டுட்டு வாங்கப்பா”ன்னா.

மனுசன் போயே போயிட்டாருங்க! திரும்பிக்கூடப் பார்க்கலை. எனக்கு அவரு சட்டையைப் புடிச்சு இழுக்கலாமான்னு இருந்துச்சு. வண்டிக்கு வந்தா, சுகந்தி குழந்தைக துணியை மட்டும் எடுத்துத் தனியா ஒரு பைக்குள்ள மடிச்சு வெக்குது. ஒரு மடிப்புக் கலையலை. என்னைப் பார்த்துக் கேட்டுச்சு: “ஏனுங்கண்ணா, இங்கிருந்து ஈரோட்டுக்கு ரயில் எத்தனை மணிக்குங்க?”

உட்டுட்டு வந்தது

எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லிட்டு, போற வர்ற மூஞ்சியையெல்லாம் பார்த்துட்டு டிக்கெட் வாசல்ல போய் நின்னேன். நான் ரெண்டாவது டீ வாங்கறதுக்குள்ள செந்திலு வந்தாரு. பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்குது. கையில பாட்டில் நெறையத் தண்ணி. நடந்ததை அப்பறமாச் சொன்னாரு. டிக்கெட் வாங்கி, சோதனை பண்ற எடம் வரைக்கும் போயிட்டாராம். பாட்டிலை உள்ள கொண்டு போகக் கூடாது, அந்தக் குப்பை டிரம்முல போட்டுட்டுப் போன்னு சொல்லியிருக்காங்க. காலி பாட்டில்தானே, போட்டா என்ன? கப்பலுக்குக் கூட்டிட்டுப் போற படகு பொறப்படப் போகுது, பின்னால இருக்கறவங்க நெருக்கறாங்க. இவரு பாட்டில்மேல புள்ளை எழுதினதைப் பார்த்துட்டே நின்னிருக்காரு. கை வரலையாம். வரிசையை உட்டு வெளிய வந்து, ஆத்துல எறங்கித் தண்ணி மோந்துட்டு வந்துட்டாரு.

வண்டிக்கு வந்ததும் யாழினி பாட்டிலை வாங்கித் தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல பார்த்தா. “எதை உட்டீங்கப்பா?”ன்னு கேட்டா. அவரு புள்ளையைப் பார்க்கலைங்க. பைமேல கையை வெச்சுட்டு நின்ன சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னாரு: “கப்பலை உட்டுட்டேன் கண்ணு.”

ராஜி அத்தை பாட்டில்

சுகந்தி பையிலிருந்து துணியை ஒவ்வொன்னா எடுத்துப் பழைய எடத்துலயே வெச்சுச்சு. திரும்பி வர்ற வழியில செந்திலே மகளை உக்கார வெச்சு, அது காசி இல்லை, சூதாடற எடம், அப்பா உங்கம்மாவுக்குத் தெரியாமப் போகப் பார்த்தேன்னு உள்ளதைச் சொல்லிட்டாரு. நான் கண்ணாடியில பார்த்துட்டே வந்தேன். புள்ளை கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. அப்பறம் ராஜி அத்தைக்கு என்ன பதில் சொல்றதுன்னு பாட்டிலைத் தேடினா, காலியாக் கெடக்குது. கக்கூஸ் பக்கமிருந்து கவின் வெளிய வர்றான். “எங்க போகுதுன்னு பார்த்தேன்”ங்கறான்.

கருமத்தம்பட்டியில எறங்கறப்ப, “போச்சே கண்ணு, அவ்வளவு தூரம் கொண்டு வந்த தண்ணி!”ன்னு நான் உச்சுக் கொட்டினேன். அவ என்னைத்தான் பாவமாப் பார்த்தா. “தண்ணி போனாப் போகுது மாமா. அப்பா உட்டது உட்டதுதானே?”

இத்தனை வருசம் ஓட்டி நான் கண்டது இவ்வளவுதானுங்க: ஊர் பேரைச் சரியாக் கேட்டுட்டு ஏறின எங்களையெல்லாம், போகவேண்டிய ஊருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது தப்பாக் கேட்டுட்டு ஏறின அந்த ஒருத்திதான்.