எங்க போயிடப் போவுது

எங்கள் பெரியப்பாவிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: “எங்க போயிடப் போவுது!” மோட்டார் கொட்டகையில் ஓடு உடைந்திருந்தாலும், மாட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்தாலும், பல் குத்திக்கொண்டே அதைச் சொல்வார். குத்தி எடுத்ததைத் துப்பிவிட்டு இன்னொரு முறை சொல்வார். பாப்பாரப்பட்டிச் சந்தையில் அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தப் பேச்சைச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஆளைக் காட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல் மதிப்பெண். பொறியியல் கவுன்சலிங்குக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்தக் கட்டணச் சலுகை இல்லாமல் அப்பாவால் என்னை அனுப்ப முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். எனக்கு எட்டாவது படிக்கும் தம்பி ஒருவன் இருந்தான்.

“அத பையனுக்கு வெச்சிருப்போம். பொட்டப் புள்ள தையல் கத்துக்கட்டும். படிப்பு எங்க போயிடப் போவுது!” என்றார் பெரியப்பா.

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அப்பா உறுதிமொழி தர வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை, கைநாட்டுதான். அவருக்கும் ஒரு பேச்சு உண்டு: “அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும்.” மூன்று நாள் தாளும் மைப்பெட்டியுமாகப் போய் நின்றேன். மூன்று நாளும் அதே வார்த்தை.

விண்ணப்பிப்பதற்கான கடைசி நாள் மத்தியானம் அம்மா களி உருண்டையைத் தட்டில் வைத்தாள். எதைக் கேட்டாலும் “எனக்கென்ன தெரியும்” என்பவள் அவள். அப்பா கை நீட்டியதும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மொதல்ல அதுல ரேகை வெய்யிங்க. அப்புறம் துன்னலாம்.”

“அண்ணன் ஒரு வார்த்தை...”

“இவள உங்கண்ணனா பெத்தாரு? நான் பெத்தேன்.”

அப்பா வைத்தார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடினேன். விண்ணப்பம் ஏறியது.

திரும்பி வந்தபோது பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். அப்பாவின் கட்டைவிரலில் மை அழியாமல் இருந்தது.

“எதுலடா வெச்ச?”

அப்பா பதறி எழுந்தார். “பொம்பளைங்க தொல்ல தாங்கலண்ணா” என்றபடி விரலை லுங்கியில் தேய்த்தார். மை போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தும் நிறுத்தவில்லை.

படித்து முடித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறேன். “நம்ம வூட்டுப் புள்ளதாங்க, நாந்தான் படிக்க வெச்சேன்” என்று பெரியப்பா சந்தையில் சொல்கிறாராம். அதைக் காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்க்க முடிகிறது. ஊருக்குப் போய் அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தால்தான், அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் களி தொண்டையில் இறங்க மறுக்கிறது.