ஜெரிக்கேனைத் தர முடியாது

நேற்றுக் காலை ராஜபாளையத்துச் சபாவிலிருந்து வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். சித்தப்பாவின் ஜெரிக்கேன் வேண்டுமாம். மண்டப வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து, அதை உள்ளே வைத்து, பின்னால் ஏரியின் படத்தை மாட்டப்போகிறார்களாம். பச்சைச் சாயம் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கிப்போன ராணுவத்துத் தகரக் கேன் அது. இத்தனை வருடமும் அதை ‘மண்ணெண்ணெய் டப்பா’ என்று கேலி பேசியவர்கள் இவர்களேதான். எனக்கு வந்த கோபத்தில், வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன வயதிலேயே மிருதங்கம் கற்று, கச்சேரிக்கும் வாசிக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். அவரும் போனார், அவர் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொண்டுபோய்ப் போட்ட இடம் லடாக்கில் ஓர் ஏரிக்கரை. மரம் கிடையாது, மனிதர் கிடையாது. பழுப்பு மலைகளுக்கு நடுவே நீலமாய்த் தண்ணீர் மட்டும். குளிர்காலத்தில் அதுவும் கல்லாகிவிடும். கூடவே கொண்டுபோன மிருதங்கம் முதல் குளிரிலேயே தோல் வெடித்துப் போயிற்று. அதன் பிறகு அவருக்கு வாய்த்தது கழித்துப் போட்ட இந்த ஜெரிக்கேன்தான். காவல் முடித்து வந்ததும் அதை மடியில் கிடத்திக்கொண்டு, கைவிரல்கள் விறைக்கும் வரை வாசிப்பாராம்.

அந்த ஏரியைப் பற்றி அவர் பேசினால் குளிரைப் பற்றியோ எல்லையைப் பற்றியோ பேசமாட்டார். சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் தட்டி, உள்ளங்கையை அழுத்தி இழுத்தால் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஒரு நாதம் வரும். கும்கி என்பார்கள். உறைந்த ஏரியில் பனி விரிசல் விடும்போது அதே நாதம் இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரை வரைக்கும் ஓடுமாம்.

“ஒரு கோர்வைய வாசிச்சு முடிச்சுட்டு செத்த நேரம் சும்மா இருப்பேன் ஏட்டி. அது பதில் சொல்லும். சில நாள் சொல்லாது. சொல்லாட்டியும் என்ன, அம்புட்டுத் தண்ணியும் எந்திரிச்சுப் போகாம உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்குல்ல?” என்பார்.

பட்டாளத்தை முடித்து, அந்தக் கேனையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகு, அவருடைய தனி ஆவர்த்தனத்தில் அந்த ‘சும்மா இருத்தல்’ வந்து சேர்ந்துவிட்டது. தனி ஆவர்த்தனம் என்பது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசுகிற நேரம். வேகமாக ஏறிக்கொண்டே போவார். உச்சியில் சட்டென்று கையை எடுத்துவிடுவார். ஒரு சுற்றுத் தாளம் முழுக்க வெறுமனே ஓடும். அது முடிகிற இடத்தில், இடப்பக்கத்தில் ஒற்றைக் கும்கி. அந்த ஒன்றுக்காகத்தான் அதுவரை வாசித்ததெல்லாம்.

நம் ஊரில் தனி ஆவர்த்தனம் என்றால் காப்பி. பாடகர் மிருதங்கத்தின் பக்கம் கையைக் காட்டியதுமே நாற்காலிகள் இழுபடும். மிச்சமிருக்கிறவர்கள், சித்தப்பா கையை எடுத்ததும் முடிந்துவிட்டதென்று பலமாகத் தட்டிவிட்டு எழுந்துகொள்வார்கள். கும்கி வரும்போது பாதி மண்டபம் வடைக்கு வரிசையில் நிற்கும். சபாச் செயலாளர் ஒருமுறை என் கண் முன்னாலேயே, “அண்ணாச்சி, நடுவுல நிறுத்தாதீக. சனம் முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்குதுல்ல? சட்டுபுட்டுன்னு முடிச்சிருங்க, வடை ஆறிப்போகுது” என்றார். சித்தப்பா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அந்த இடைவெளியை விடவில்லை. இவர்களும் எழுந்துபோவதை விடவில்லை. போகப்போகக் கச்சேரிக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். படுக்கையில் விழுந்த பிறகும் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. “நம்ம ஊர்ல ஒரே ஒரு தடவ, அந்த எடத்துல யாரும் எந்திரிக்காம கேட்டுறணும். வேற ஒண்ணும் வேண்டாம்.” கேட்கப்படாமலேயே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அதே சபா அவருக்கு நினைவஞ்சலி நடத்தியது. மேடையை அடைத்து ஏரியின் படம். கரை முழுக்கப் பச்சைப் பசேலென்று மரங்கள்! எந்த நாட்டு ஏரியோ. பனியை வென்ற வீரர், ஏரியை இசையாக்கிய மேதை என்று ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒதுக்க மனம் வராத நேரமெல்லாம் அன்றைக்கு எங்கிருந்தோ வந்திருந்தது. கடைசியில், வீட்டில் அவர் வாசித்தபோது நான் கைபேசியில் பதிந்து வைத்திருந்த தனி ஆவர்த்தனத்தைப் போட்டார்கள்.

அந்த இடம் வந்தது. மிருதங்கம் நின்றது. மைக்செட்காரர் முடிந்துவிட்டதென்று நிறுத்திவிட்டார். கைதட்டல். செயலாளர் மைக்கைப் பிடித்து, “அருமை, அருமை. எல்லாரும் காப்பி சாப்பிட்டுட்டு வாங்க” என்றார். நாற்காலிகள் இழுபட்டன. முன்வரிசையில் சித்தி மட்டும் எழவில்லை. அந்தச் சந்தடிக்கு நடுவிலும் அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கும்கிக்காகக் காத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

“என்ன தாயி இது, பெரியவுகள்லாம் நிக்காக” என்று செயலாளர் வந்தார்.

“நிக்க வேண்டாம், உக்காரச் சொல்லுங்க. அவிய இன்னும் வாசிச்சு முடிக்கல” என்றேன். மைக்செட்காரர் பக்கம் திரும்பினேன். “மொதல்ல இருந்து போடுங்க.”

முணுமுணுத்தார்கள். முறைத்தார்கள். ஆனாலும் உட்கார்ந்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஓடியது. கை எடுக்கும் இடம் வந்தது. ஒருவரும் அசையவில்லை. என்மேல் இருந்த பயத்தில்தான், இருக்கட்டும். சித்தியின் விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன. பிறகு மேடையோரத்துப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வழியாகக் கும்கி வந்தது. நான் சாய்ந்திருந்த கதவு அதிர்ந்தது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. உயிரோடு இருக்கும்போது இதே கதவை ஒருநாள் சாத்தித் தொலைத்திருந்தால் என்ன என்று ஆத்திரம்தான் வந்தது.

நேற்று அதே சபாவிலிருந்து ஜெரிக்கேன் கேட்டு ஆள் வந்து நின்றது.

“தர முடியாது. தனி ஆவர்த்தனம் நடக்கும்போது காப்பி ஊத்துறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. பொறவு பாப்போம்” என்றேன்.

வந்தவர் என்னை நிஜமான வியப்போடு பார்த்தார். “அது எப்படிக்கா முடியும்?” என்றார்.

ஜெரிக்கேனை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.