மச்சான் திருகிய திருகாணி

ஸ்குரூட்ரைவர் கையில் கிடைத்த உடனே தன்னை எஞ்சினியர் என்று நினைத்துக்கொள்ளும் ரகத்தை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் பாஸுடைய மனைவியின் தம்பி. லண்டனில் ஏதோ படித்தவர். என்ன படித்தீர்கள் என்று கேட்டால் பேச்சு உடனே லண்டன் குளிருக்குப் போய்விடும். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் லண்டன் மச்சான்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடைவீட்டு மாடியில் ஒரு நீள அறை. கீழே மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அரைக்கும் மில். காலையில் மில் ஓடத் தொடங்கினால் மாடியில் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தண்ணீர்க் குழாய் வரைபடங்களைக் கணினியில் ஏற்றித் தருவது எங்கள் தொழில். அம்பாங்கில் இருந்த ஒரு கம்பெனி எங்களுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தது.

ஏற்றியவர் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஓர் அக்கா. வரைபடத்தைச் சாய்வு மேசைமேல் விரித்து, ஒவ்வொரு குழாயின் கோட்டையும் கைக்கருவியால் தொட்டுத் தொட்டுப் புள்ளி புள்ளியாகப் பதிவு செய்வார். இரண்டு வருடமாக ஒப்பந்த ஊழியர். அவர் கணவர் ரயில்வேயில் இருந்தார். உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டார். அதனால் ரயில்வே கோட்டர்ஸ் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அரசாங்க மலிவு வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. "அம்பாங்காரர் வேலையை ஏற்றுக்கொள்ளட்டும், அடுத்த நாளே உமக்குக் கடிதம்" என்று பாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய வாக்கின் மதிப்பு எனக்குத் தெரியும். ஏர்கோனைப் பழுதுபார்க்கிறேன் என்றும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் கணினி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிஸ்கில் இடம் குறைவு என்பதால், ஒரு வரைபடம் முடிந்ததும் அதை டேப்பில் எழுதிவிட்டு டிஸ்கிலிருந்து அழித்துவிடுவோம். மூலத் தாளும் அம்பாங்குக்குத் திரும்பிப் போய்விடும். அக்காவின் உழைப்பு முழுக்க இருந்த ஒரே இடம் சின்னப் புத்தகம் அளவிலான அந்த டேப்புகள்தான். இன்னொரு நகல் எடுத்து வைப்போம் என்று நான் கேட்டதற்கு, "டேப் என்ன மரத்திலயா காய்க்குது?" என்றார் பாஸ்.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரமே டேப் டிரைவ் மக்கர் செய்தது. எழுதும்போது பிழை, படிக்கும்போதும் பிழை. இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பிறகு டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டிச் சுற்ற வேண்டும். அப்புறம் வேறு டேப், அப்புறம் கேபிள். இவ்வளவும் பார்த்த பிறகுதான் டிரைவின்மேல் சந்தேகப்பட வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்காமல் கத்தியை எடுக்கிற டாக்டர் உண்டா? கீழே மிளகாய் மில் இருக்கும்போது நோய் என்னவென்று சொல்லவும் வேண்டுமா? நான் துடைக்கும் பஞ்சு எப்போதும் மஞ்சளாகத்தான் வரும்.

ஆனால் அன்றைக்கு நான் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். மச்சான் டிரைவைத் திறந்துவிட்டார். கைக்குட்டையால் உள்ளே துடைத்தார். ஹெட்டின் பக்கத்தில் சிவப்புப் பூச்சு வைத்து மூடிய ஒரு திருகாணி இருந்தது. தொடாதே என்பதற்காகத்தான் டிரைவ் செய்த கம்பெனிக்காரன் பூச்சு வைக்கிறான். மச்சான் பூச்சைச் சுரண்டிவிட்டுத் திருகினார். ஒரு புது டேப்பைப் போட்டார். வேலை செய்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தூசி போனதால்தான் அது வேலை செய்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாஸ் எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

மறுநாள் நான் சோதித்தேன். எங்கள் டிரைவ் தானே எழுதியதை அழகாகப் படித்தது. ஆனால் மெஷினோடு வந்த மென்பொருள் டேப்பைப் படிக்கவில்லை. அக்கா முதல் இரண்டு வாரத்தில் எழுதியவற்றையும் படிக்கவில்லை. ஹெட் கோணலாகிவிட்டது என்பது எனக்கு அப்போதே புரிந்தது. கோணலான ஹெட் கோணலாக எழுதும், அதே கோணலில் படித்தும்விடும். உலகத்தில் வேறு எந்த டிரைவுக்கும் அது புரியாது.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் சிரித்தார்.

"பழைய டேப் எல்லாம் பழுது. நான் லண்டனில இருக்கேக்க இப்பிடி எத்தனை பார்த்தனான்."

"பாருமன், படிச்ச மனுசன் சொல்லுறார்" என்றார் பாஸ். "நீர் எப்ப பார்த்தாலும் குறைதான் சொல்லுறீர், தம்பி."

பாஸ் அரசாங்கத்தில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். செவிடன் காதில் ஊதிய சங்கு. அக்கா அந்த இரண்டு வாரத்து வரைபடங்களை அம்பாங்கிலிருந்து திரும்ப வரவழைத்து மறுபடியும் முதலிலிருந்து போட்டார். "அடப் போ தம்பி, இவனுங்க கிட்ட பேசறதுக்கு மில்லுகிட்ட போய்ப் பேசலாம். அதாச்சும் அரைக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்து டேப்புகள் அம்பாங்குக்குப் போயின. மூன்றே நாளில் திரும்பி வந்தன. ஒன்றுகூடப் படிக்கவில்லையாம். பாஸ் அக்காவின் மேசைக்கு நேராகப் போனார்.

"உம்மட வேலையிலதான் பிழை. என்னத்தைப் பதிஞ்சீர்? இந்த லட்சணத்தில உமக்கு நிரந்தரம் வேற."

மச்சான் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பாஸின் முன்னால் போய் நின்றேன். "பாஸ், டேப்பும் சரி, அக்கா வேலையும் சரி. உங்க மச்சான் திருகினதுதான் கோளாறு. நம்ம டிரைவையே தூக்கிட்டுப் போய் அவங்க மெஷின்ல மாட்டுவோம். அங்கேயே படிச்சுக் காட்டறேன்" என்றேன். டிரைவ் தனிப் பெட்டி; கேபிளைக் கழற்றினால் தூக்கிப் போகலாம். அரை மனதாகச் சரி என்ற பாஸ், பெட்டியை மட்டும் எங்களிடம் விடவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பங்சாரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வீட்டில்தான் மச்சானும் இருந்தார்.

மறுநாள் காலை அம்பாங் ஆபீஸில் பாஸ், மச்சான், அக்கா, நான் என நால்வரும். அக்கா டேப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மடியில் வைத்திருந்தார். அங்கே பொறுப்பாளராக இருந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. புவான் என்று மரியாதையாக அழைத்தோம். அவர் மெஷினில் எங்கள் டிரைவை மாட்டி முதல் டேப்பைப் போட்டேன். பிழை. இரண்டாவது, பிழை. மூன்றாவதும் அப்படித்தான். முந்தின நாள் வரை ஓடிய டேப்புகள்.

பாஸ் புவானிடம், ஊழியருடைய அலட்சியம் என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் பெட்டியைத் திறந்தேன். திருகாணியின் தலையில் புதிதாக ஒரு கீறல் பளபளத்தது.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"அங்கிள், நேத்து இத தொறந்தீங்களா?"

மறுப்பார் என்று நினைத்தேன். அவருடைய மேதாவித்தனத்தை நான் அப்போதும் குறைத்தே மதிப்பிட்டிருந்தேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம். திருகினது பிழை எண்டு தம்பிதானே சொன்னவர்? அதான் பின்னேரமே பழைய இடத்துக்குத் திருப்பி வைச்சனான். இப்ப எல்லாம் சரி."

இப்படியும் ஒரு மூளை! இரண்டு வருட டேப்புகளும் கோணலாக எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்க அந்தக் கோணல் ஹெட் ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. அதை நிமிர்த்திவிட்டு வந்து நிற்கிறார். அதையும் ஒழுங்காக நிமிர்த்தியிருப்பாரா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் வந்த நோயாளியையும் கொன்று, எரித்த சாம்பலுக்கு ஊசியும் போடுவார்.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்று கேட்டேன்.

"வலம்... இல்லை, இடம். லண்டனில எல்லாம்..."

"லண்டன விடுங்க அங்கிள்" என்றார் அக்கா. அந்தக் குரலில் மரியாதை என்று ஒரு துளியும் இல்லை.

புவான் கடிகாரத்தைப் பார்த்தார். "போலே கா?" என்றார். முடியுமா, முடியாதா?

"போலே, புவான்" என்று அக்காதான் சொன்னார். நான் சொல்லியிருக்க மாட்டேன்.

திருகாணி நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். டேப்பை ஓடவிட்டு மயிரிழை அளவு திருப்பினேன். அக்கா திரையைப் பார்த்து, "இல்ல" என்றார். இன்னும் கொஞ்சம். "இல்ல." ஒரு பக்கம் சலித்துப்போய் மறு பக்கம் திருப்பினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மச்சான் பின்னாலிருந்து, "கொஞ்சம் பலமாத் திருகும்" என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வருடமும் ஒரு வீடும் ஒரு திருகாணியின் அசைவில் தொங்குவது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

"நிறுத்து தம்பி!"

திரையில் ஒரு வரைபடத்தின் பெயர் வந்திருந்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு மளமளவென்று இறங்கத் தொடங்கின. அக்கா முன்னால் குனிந்தார். "இது எங்க கோட்டர்ஸ் ரோட்டு மேப்பு" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நானும் கலங்கினேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதல் டேப் முழுதும் புவானின் டிஸ்கில் ஏறியது. அவர் ஒரு வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். மிகச் சுத்தமான வேலை, யார் செய்தது என்று கேட்டார். பாஸ் ஒரு கணமும் தயங்காமல் மச்சானின் தோளில் கை வைத்தார். "மை டெக்னிக்கல் அட்வைசர்" என்றார் ஆங்கிலத்தில். மச்சான் பணிவாகத் தலை குனிந்தார். அப்படி ஒரு பணிவை நான் சாக்கடை எலியிடம்கூடப் பார்த்ததில்லை.

நான் அடுத்த டேப்புக்குக் கை நீட்டினேன். அக்கா பிஸ்கட் டின்னின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ், என் லெட்டர் எங்க?"

"அது ஆபீஸ் போய்ப் பார்ப்பம்."

"இங்கயே எழுதுங்க. மீதி டேப்பு எல்லாம் என் மடியிலதான் இருக்கு."

பாஸின் முகம் கறுத்தது. புவானுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விஷயம் புரியாமலா போகும்? மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து பாஸின் முன்னால் தள்ளிவைத்தார்.

பாஸ் எழுதினார். இன்ன தேதியிலிருந்து நிரந்தர ஊழியர். கையெழுத்துப் போடப் போனவரை அக்கா தடுத்தார்.

"இன்னும் ஒரு வரி, பாஸ். இந்த டேப் டிரைவ என்னையும் தம்பியையும் தவிர ஆபீஸ்ல யாரும் தொடக்கூடாது."

"இதுக்கு என்ன காரணம் எண்டு எழுதுறது?"

"காரணம் வேணாம். உங்க மச்சான் பேர மட்டும் எழுதிடுங்க."

வேலைக் கடிதத்தில் அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாஸ் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகுதான் டின்னைத் திறந்து இரண்டாவது டேப்பை எடுத்தார்.

"போடு தம்பி" என்று என்னிடம் நீட்டினார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றிருந்த மச்சான், உதவி செய்கிற முகத்தோடு டேப்பை வாங்கக் கை நீட்டினார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, பாஸ் துள்ளி எழுந்தார்.

"கையை எடும் ஐசே! தொடாதையும்!"